சொந்தக் கேள்வி

கீழக்கரையில் வாவு முகம்மது நடத்திவந்த பிரவுசிங் சென்டருக்குள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் வழக்கமாக வருகிற வாலிபர்கள் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அன்று மதியம் லுஹர் தொழுகை முடிந்த கையோடு அவர் கம்ப்யூட்டர்களுக்கு நடுவே இருந்த பலகைத் தடுப்புகளைக் கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டு, வாடகை பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிடுவார். முதுகுளத்தூர், சாயல்குடி, ஏர்வாடிப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் பிள்ளைகளைத் தோளிலும் இடுப்பிலும் சுமந்தபடி உள்ளே நுழைவார்கள். எல்லாம் ஆண்பிள்ளைகள். மீசை அரும்பத் தொடங்கிய பையனைத் தாய் இடுப்பில் தூக்கி வருவதைக் கண்டு எதிர்க்கடைக்காரர்கள் முதலில் வாயடைத்து நின்றார்கள். பிறகு பழகிப் போயிற்று.

அந்தப் பிள்ளைகளுக்குத் தசைச் சிதைவு நோய். பிறக்கும்போது ஒரு குறையும் தெரியாது. ஓடி விளையாடுகிற வயதில் தடுக்கி விழ ஆரம்பிப்பார்கள். அப்புறம் நடை நின்றுபோகும். கடைசியில் நெஞ்சுத் தசையும் ஓய்ந்துபோகும். இந்த நோயை ஆராய்கிற விஞ்ஞானிகளையும் நோயாளிகளின் குடும்பங்களையும் நேருக்கு நேர் பேசவைக்க வேண்டும் என்று சென்னையில் ஒரு அறக்கட்டளை 2008-ஆம் ஆண்டு இந்த ஏற்பாட்டைத் தொடங்கியது. பெங்களூரில் ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கும் டாக்டர் ஹெக்டே என்ற அம்மாள் கம்ப்யூட்டர் திரையில் வருவார். இங்கே இருப்பவர்கள் தமிழில் கேட்பார்கள். அதை இங்கிலீஷில் அவரிடம் சொல்லி, அவர் சொல்கிற பதிலைத் தமிழில் இவர்களுக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் லத்தீபா.

லத்தீபா ஊரிலிருந்த பெண்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்தவள். புருஷன் ஹாஜா முகைதீன் சவூதியில் தம்மாமில் வேலை பார்த்தான். அந்த ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகும் அவள் தாய்வீட்டில்தான் இருந்தாள். உம்மா சபியா, தங்கை ஷமீமா, ஐந்து வயது மகன் சுஹைல், இவ்வளவுதான் வீடு. வாப்பா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. வாவு முகம்மது வாப்பாவுக்குச் சின்னாப்பா மகன், தம்பி முறை என்பதால்தான் உம்மா அவளைச் சென்டருக்குப் போக விட்டாள்.

அறக்கட்டளைக்காரர்கள் அவளுக்கு ஒரு விதியைக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பொதுவான கேள்விகளைத்தான் கேட்கவிட வேண்டும். என் பிள்ளைக்கு இப்படி இருக்கிறது, என்ன செய்யட்டும் என்று சொந்தக் கேள்வி கேட்கக் கூடாது. பிள்ளையைத் தொட்டுப் பார்க்காமல் டாக்டர் ஏதாவது சொல்லி, அதை நம்பி யாராவது எதையாவது செய்துவிட்டால் வம்பு.

முதல் மாதமே அந்த விதிக்கு வேலை வந்தது. முதுகுளத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் மிளகாய் போட்டு ஆடு வளர்க்கிற மூக்கையா, மகன் பூமிநாதனைத் தூக்கிக்கொண்டு எழுந்து நேராகக் கேமராவுக்கு முன்னால் வந்துவிட்டார். டாக்டரம்மா பிள்ளையை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றார். லத்தீபா எழுந்து நின்று, அப்படியெல்லாம் காட்டக்கூடாது, போய் உட்காருங்கள் என்றாள். தன் குரல் இவ்வளவு கறாராக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. மூக்கையா கனக்கிற மகனை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தார். பையன் அப்பன் தோளுக்கு மேலாகத் திரையையே பார்த்துக்கொண்டு போனான்.

சில மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை, இதேபோல் திரை முன்னால் கூடுகிற திருநெல்வேலி மையத்திலிருந்து யாரோ ஒரு கேள்வியைத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள். பிள்ளைக்கு இந்த நோய் இருக்கிறதென்று வீட்டிலேயே முதலில் எப்படித் தெரிந்துகொள்வது? லத்தீபா அதைப் படித்துக் காட்டினாள். டாக்டர் ஹெக்டே நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். இணைப்பு மெதுவாக இருந்ததால் அவருடைய வாய் ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமுமாக வந்தது.

"தரையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை நேராக எழுந்திருக்காது" என்று லத்தீபா தமிழில் சொன்னாள். "முதலில் குப்புறத் திரும்பும். பின்பக்கத்தைத் தூக்கும். பிறகு கையை முழங்காலில் வைத்து, தொடையில் வைத்து, தன் உடம்பு மேலேயே ஏறுகிற மாதிரி..."

அன்று மதியம் சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்ததும் சுஹைல் அப்படித்தான் எழுந்தான். நேற்றும் அப்படித்தான். அது பிள்ளையின் ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தாள். ஷமீமா அதைப் பார்த்துச் சிரித்து, கிழவன் எழுந்திருக்கிறான் பார் என்று கேலிகூடச் செய்வாள்.

டாக்டர் நிறுத்தவில்லை. கெண்டைக்கால் நன்றாகத் திரண்டு பலமாக இருப்பதுபோலத் தெரியும் என்றார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் சுஹைலின் காலைப் பிடித்துப் பார்த்து, பந்து விளையாடுகிறவன் கால் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். லத்தீபா அந்த வாக்கியத்தையும் தமிழில் சொன்னாள். தாயின் கூடப்பிறந்த ஆண்களோ தாய்க்குத் தாய்மாமன்களோ சின்ன வயதில் இப்படி இறந்திருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும் என்றார். அதையும் சொன்னாள். நாற்காலியை விட்டு எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. ஆனால் காதில் ஹெட்போன், எதிரில் கேமரா, முன்னால் அத்தனை முகங்கள். அடுத்த கேள்விக்குப் போனாள். அதற்கடுத்ததையும் கேட்டாள். எல்லாம் முடிந்து வாவு முகம்மது டீ கொடுத்தபோது வாங்கிக் குடிக்காமல் மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் சுஹைலைத் தரையில் உட்காரவைத்தாள்.

"எந்திரி வாப்பா" என்றாள்.

அவன் எழுந்தான். திரும்பவும் உட்காரச் சொன்னாள். திரும்பவும் எழுந்தான். தன் உம்மா புது விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள் என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. குப்புறத் திரும்பி, பின்பக்கத்தைத் தூக்கி, முழங்காலில் ஒரு கை, தொடையில் ஒரு கை. கடைசித் தடவை அவனால் எழ முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். விளையாட்டுப் போதும் என்றான்.

சபியா கதவோரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். லத்தீபா நிமிர்ந்து பார்த்தபோது உம்மாவின் முகத்தில் திகைப்பு இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததுமே மகளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஷமீமா மேலே மாடியில் கொத்தனார்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நிக்காஹ் நிச்சயமாகி, அவளும் மாப்பிள்ளையும் குடியிருக்க மாடி எழுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. லத்தீபா எழுந்து அறைக்கதவைச் சாத்தினாள்.

உம்மாவின் தம்பிகள் இருவர் டைபாய்டில் போனார்கள் என்றுதான் அவள் இதுவரை கேள்விப்பட்டிருந்தாள். அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. இப்போது சபியா உண்மையைச் சொன்னாள். டைபாய்டு இல்லை. ஒருவன் பின் ஒருவனாக நடை நின்று போனார்கள். ஜின் பிடித்திருக்கிறது என்று ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய் மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். இரண்டு பேரையும் தூக்கிச் சுமந்தது சபியாதான். சுஹைல் வாசற்படி ஏறும்போது முழங்காலில் கை வைப்பதைப் போன நோன்பிலேயே அவள் பார்த்துவிட்டாள்.

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று லத்தீபா கேட்டாள்.

"தெரிஞ்சு என்னம்மா செய்யப் போறே?" என்றாள் சபியா. "என் தம்பிமாருக்குத் தெரிஞ்சு நாங்க என்னத்தச் செஞ்சோம்? ஷமீமா நிக்காஹ் முடியட்டும். அதுவரைக்கும் உன் வாயில இருந்து ஒரு சொல்லு வந்துராமப் பாத்துக்க. ரத்தத்துல சீக்கு இருக்குற வீடுன்னு தெரிஞ்சா எவன் வருவான்?"

அன்றிலிருந்து லத்தீபாவுக்கு வீடு சிறைச்சாலை ஆயிற்று. தங்கையிடம் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. இந்த நோய் தாய் வழியாக வருவது, தாய்க்கு ஒன்றும் செய்யாது, அவள் பெறுகிற ஆண்பிள்ளைகளைப் பிடிக்கும் என்பதை அவளே எத்தனையோ தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு விளக்கியிருக்கிறாள். உம்மாவிடமிருந்து தனக்கு வந்தது ஷமீமாவுக்கும் வந்திருக்கலாம். ஹாஜா வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வான். இந்த லீவில் வரும்போது சுஹைலுக்கு ஒரு தம்பி வேண்டும் என்று சிரிப்பான். அவளும் சிரிப்பாள். உம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

மாத்திரை கொடுத்தால் நடை நின்றுபோவது சில வருஷம் தள்ளிப்போகும், ஆனால் காலம் தாழ்த்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மதுரை ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போனால் பஸ்ஸில் ஏறுவதற்குள் ஊர் கேட்கும். சென்டர் வேலையை விட்டுவிடலாம் என்றால், நன்றாகப் போய்க்கொண்டிருந்தவள் திடீரென்று ஏன் நின்றாள் என்று அதையும் கேட்கும். ஆகவே மாதாமாதம் போய் உட்கார்ந்தாள்.

ஒரு சனிக்கிழமை உம்மாவும் ஷமீமாவும் கல்யாணத் துணி எடுக்க ராமநாதபுரம் போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல் சுஹைலையும் சென்டருக்குக் கூட்டி வந்தாள். தன் காலடியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, இறங்கவே கூடாது என்று சொல்லியிருந்தாள். பாதி நேரம் போயிருக்கும். டாக்டர் ஒரு நீளமான பதிலின் நடுவில் இருந்தார். பூமிநாதன் கையிலிருந்த சின்ன ரப்பர் பந்து நழுவி நாற்காலிகளுக்கு இடையில் உருண்டு வந்தது. சுஹைல் ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து பந்தை எடுத்தான். பிறகு அதைக் கொடுப்பதற்காக எழுந்திருக்க ஆரம்பித்தான்.

லத்தீபா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் டாக்டரின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அந்தக் காட்சிக்கு அந்த அறையில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பிள்ளை முழங்காலில் கையை வைத்தான். தொடையில் வைத்தான். சாயல்குடிக்காரப் பெண் ஒருத்தி சட்டென்று தன் மகனின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். ஒருவர் ஜன்னலைப் பார்த்தார். ஒருவர் செல்போனை எடுத்தார். ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை. யாரும் சொல்லிவைக்காமல் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூக்கையா மட்டும் எழுந்து வந்து, பிள்ளை முழுசாக எழுவதற்கு முன்னால் அவனை வாரியெடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் பேசி முடித்துவிட்டுக் காத்திருந்தார். லத்தீபாவுக்கு அவர் என்ன சொன்னார் என்றே தெரியவில்லை. இணைப்பில் கோளாறு, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டாள்.

எல்லாரும் கலைந்த பிறகு மூக்கையா கடைசியாக நின்றார். சுஹைலை அவளிடம் கொடுத்துவிட்டு, வாவு முகம்மது நாற்காலிகளை அடுக்கப் போகும்வரை காத்திருந்தார்.

"தாயி, புள்ளைய இனிமே இங்கன கூட்டியாராதீக" என்றார். "இங்க உள்ளவுக வெளிய வாய் தொறக்க மாட்டாக. ஆனா பாக்கப் பாக்க எல்லாருக்கும் மனசு கஷ்டமாப் போகும். ஒங்களுக்கும்."

அவள் அழுதாள். அத்தனை மாதமும் யாரிடமும் அழாததைச் சொந்தபந்தம் இல்லாத ஒரு மனிதருக்கு முன்னால் அழுதாள். தங்கையின் கல்யாணத்தையும் உம்மா வாயைக் கட்டிப்போட்டிருப்பதையும் சொன்னாள். ஒரே ஒரு கேள்வி இருக்கிறது, அதை டாக்டரிடம் கேட்கத் தனக்கு வழியில்லை என்றாள். டாக்டரிடம் தனியாகப் பேச நம்பர் கிடையாது. மையத்துக் கேள்வி எதுவானாலும் கேட்டவர் யார் என்று சென்னைக்காரர்கள் பதிந்துகொள்வார்கள்.

"அம்புட்டுத்தானா? நான் கேக்குறேன்" என்றார் மூக்கையா. "என் கொழுந்தியாளுக்குக் கல்யாணம்னு கேக்குறேன். எனக்குக் கொழுந்தியா இல்லன்னு பெங்களூருக்காரம்மாவுக்குத் தெரியவா போகுது?"

அடுத்த மாதம் அவர் எழுந்து அப்படியே கேட்டார். தன் மகனுக்கு இந்த நோய் இருக்கிறது, பெண்டாட்டியின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டுமா, சொல்லாமல் விட்டால் என்ன? விதிப்படி அது சொந்தக் கேள்வி. லத்தீபா தடுக்கவில்லை. வார்த்தை வார்த்தையாக இங்கிலீஷில் சொன்னாள்.

டாக்டர் ஹெக்டே சொன்ன பதிலை லத்தீபா தமிழில் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், சரிபாதி. ரத்தம் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். முதலில் நோயுள்ள பிள்ளைக்குப் பார்த்து, அதை வைத்து அவளுக்குப் பார்க்க வேண்டும். கல்யாணம் செய்யலாமா வேண்டாமா என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. ஆனால் தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை இருக்கிறது. அதை அவளிடமிருந்து மறைக்கிறவர்கள் அவளுக்குப் பதிலாக முடிவு எடுக்கிறார்கள்.

மூக்கையா நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அந்த வாரமே லத்தீபா தங்கையிடம் சொன்னாள். சுண்ணாம்பு வாசனை போகாத மாடி அறையில், ஜன்னல் சட்டத்தில் உட்கார்ந்து ஷமீமா எல்லாவற்றையும் கேட்டாள். கிழவன் என்று கேலி செய்ததை நினைத்தோ என்னவோ, முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன் ராத்தா சொன்னே?" என்றாள் கடைசியில். "பத்திரிகை அடிச்சாச்சு. இப்ப நான் வேணாம்னு சொன்னா உம்மா செத்துப் போகும். சரின்னு போனா அவங்களை ஏமாத்துறேன். சொல்லாம இருந்தா நான் பாட்டுக்குச் சந்தோஷமாப் போயிருப்பேன்ல?"

தான் அடைபட்ட இடத்துக்குள் தங்கையையும் இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்திவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

நிக்காஹ் நடந்தது. ஹாஜாவால் லீவு வாங்க முடியவில்லை. சாப்பாட்டுப் பந்தி முழுவதும் லத்தீபா சுஹைலை இடுப்பை விட்டு இறக்கவேயில்லை. இவ்வளவு பெரிய பிள்ளையை இன்னுமா தூக்குகிறாய் என்று சொந்தக்காரப் பெண்கள் கேட்டார்கள். செல்லம் என்றாள். மாப்பிள்ளை மீரா சாகிபு ஊரிலேயே ஜவுளிக்கடை வைத்திருந்தவன், சாது. மாடியில் குடிவந்தான். அதன்பிறகுதான் மறைப்பது இன்னும் கஷ்டமாயிற்று. அவனுக்குப் பிள்ளைகள் என்றால் உயிர். மாடிப்படித் தலையில் நின்றுகொண்டு சுஹைலை மேலே வா, மிட்டாய் தருகிறேன் என்று கூப்பிடுவான். லத்தீபா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, பாடம் இருக்கிறது, குளிக்க வேண்டும் என்று எதையாவது சொல்லிப் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொள்வாள். தன் வீட்டிலேயே திருடிபோல நடந்தாள். ஷமீமா அக்காவிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

நிக்காஹ் முடிகிறவரை என்று உம்மா சொன்ன கெடு முடிந்துவிட்டது. லத்தீபா வெள்ளிக்கிழமை போனில் ஹாஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்திலிருந்த உம்மா எழுந்து போய்விட்டாள். மதுரைக்குக் கூட்டிப்போ, யார் என்ன கேட்டாலும் கேட்கட்டும் என்றான். இரண்டாவது பிள்ளையைப் பற்றி அதன்பிறகு அவன் பேசவில்லை. மதுரையில் நோயை உறுதி செய்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மீரா சாகிபுவிடம் சத்து மாத்திரை என்று சொன்னார்கள்.

ஒருநாள் சாயங்காலம் அவன் சுஹைலைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தான். லத்தீபா அசந்த நேரத்தில் பிள்ளை படியில் ஏறப் போய்ப் பாதியில் உட்கார்ந்திருக்கிறான். பின்னால் ஷமீமா வெளிறிய முகத்தோடு நின்றாள்.

"மச்சி, நானும் கண்ணால பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான் அவன் லத்தீபாவிடம். "புள்ளைக்கு என்ன சீக்கு? என்கிட்ட ஏன் மறைக்கிறீங்க?"

லத்தீபா தங்கையைப் பார்த்தாள். ஷமீமா தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு லத்தீபா ஆரம்பித்தாள். சென்டரில் அந்நியர்களுக்குச் சொல்வதுபோலவே ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல், மாமன்மார் இரண்டு பேரையும் சேர்த்து, ஷமீமாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரியும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுச் சொன்னாள். ஷமீமா அதைத் தானே சொன்னாள்.

மீரா சாகிபு பிள்ளையை இறக்கிவிட்டு வெளியே போனான். அன்று அவன் தன் தாய்வீட்டில் தங்கினான். மறுநாளும் வரவில்லை. சபியா தொழுகைப் பாயைவிட்டு எழவேயில்லை. பிறகு ஒரு காலையில் வந்தான். ஷமீமாவைக் கிளம்பச் சொன்னான். இரண்டு பேரும் மதுரை பஸ் ஏறினார்கள்.

முடிவு வர வாரக்கணக்கில் ஆயிற்று. 2009 வெயில் காலத்தில் ஒருநாள் ஷமீமா கீழே இறங்கி வந்து அக்காவின் எதிரில் நின்றாள். அவளுடைய முகத்தில் இருந்ததை அவளால் அடக்க முடியவில்லை, அக்காவுக்கு முன்னால் காட்டவும் முடியவில்லை. லத்தீபாவே சொன்னாள்.

"அல்ஹம்துலில்லாஹ். உனக்கு இல்ல, அதானே?"

ஷமீமா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். லத்தீபாவுக்கு மெய்யாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே, தங்கையின் பிடி எப்போது தளரும், தான் எப்போது கொஞ்ச நேரம் தனியாக இருக்கலாம் என்றும் இருந்தது.

அடுத்த வாரம் அவள் சென்னைக்குப் போன் செய்து, தன் மகனுக்கும் இதே நோய்தான், இனி நடத்துகிற நாற்காலியில் வேறு ஆளைப் போடுங்கள், நான் எதிர்ப்பக்கம் உட்காருகிறேன் என்று சொன்னாள். அவர்கள் மிகவும் வருத்தப்பட்டார்கள். உடனே ஆள் தேடுவதாகச் சொன்னார்கள். இரண்டு பாஷையும் தெரிந்து, மாதாமாதம் கீழக்கரைக்கு வரக்கூடிய ஆள் கிடைக்கவில்லை. அதுவரைக்கும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அவள் பார்த்துக்கொண்டாள். சுஹைல் இப்போது முன்வரிசையில் மூக்கையா பக்கத்தில், பூமிநாதனோடு உட்கார்ந்திருப்பான். ஹெட்போனை மாட்டி, கேமராவைச் சரிசெய்து, டாக்டருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, யாருக்குக் கேள்வி இருக்கிறது என்று லத்தீபா கேட்பாள்.